வங்கிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கையில் குடும்ப வருமானத்தை எழுதும் விதம்

ஆசிரியர் அவர்கட்கு,

தவணை பிந்தியதற்கான தண்டப்பணம், திரும்பிய காசோலைக்கான கட்டணம் போன்றவற்றைத் திருப்பித் தரும்படி வங்கிக்கு எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் குடும்ப வருமானம் எழுதும் இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், வங்கி பிழையாக வெட்டியதா, அல்லது சரியாகத்தான் வெட்டியது, நமக்குத் தாங்க முடியவில்லையா என்று பாருங்கள். ஒரே காசோலைக்கு இரண்டு தரம் வெட்டியிருந்தாலோ, கட்டண அட்டவணையில் உள்ளதைவிடக் கூட எடுத்திருந்தாலோ அது உங்கள் பணம். திகதி, தொகை, கணக்குக் கூற்றின் பிரதி போதும். வருமானம் பற்றி அங்கே ஒரு வரியும் வேண்டாம்; எழுதினால் உரிமையாகக் கேட்பது சலுகை கேட்பதாகிவிடும். கஷ்டத்தைக் காட்டிக் கேட்கும்போதுதான் வருமான விபரம் தேவை.

குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்து, செலவைப் பகிர்பவர்கள். வேலைக்குப் போகும் மகனின் முழுச் சம்பளத்தையும் எழுத வேண்டியதில்லை. அவர் வீட்டுக்குத் தரும் தொகையை எழுதுங்கள். அவருடைய சம்பளப் பத்திரத்தை அவர் சம்மதமில்லாமல் இணைக்காதீர்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைத்தால் மறைக்க வேண்டாம். அது வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது.

கடற்றொழில் குடும்பங்களுக்குச் சிக்கல் அதிகம். மார்ச் முதல் செப்டெம்பர் வரை மாதம் 60,000 ரூபாய், மற்ற ஐந்து மாதமும் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 495,000, மாதச் சராசரி 41,250. படிவத்தில் இந்தச் சராசரியை மட்டும் போட்டால், 18,000 ரூபாய்த் தவணையை டிசம்பரில் ஏன் கட்டவில்லை என்று உத்தியோகத்தர் கேட்பார். கேள்வி நியாயமானது. கடலுக்குப் போவது குறையும் வாடைக் காலத்தில் கையில் வருவது தவணைக்கே காணாது என்பது அந்தத் தாளில் இல்லையே. ஆகவே பன்னிரண்டு மாதத்தையும் தனித்தனியே எழுதி, கட்டணம் வெட்டிய மாதங்களுக்குக் கீழே கோடிடுங்கள்.

வருமானத்தைக் குறைத்து எழுதினால் இரக்கம் கிடைக்கும் என்று நினைப்பது பெரும் தவறு. உத்தியோகத்தர் முதலில் செய்வது உங்கள் கணக்குக் கூற்றில் வந்து விழுந்த பணத்தைக் கூட்டிப் பார்ப்பதுதான். நகை அடகு வைத்த காசு, சீட்டுக் காசு, அயலவருக்காக உங்கள் கணக்கில் வாங்கிக் கொடுத்த வெளிநாட்டுப் பணம் எல்லாம் அவர் கண்ணுக்கு வருமானமே. கூற்றின் பிரதியில் அத்தகைய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்னவென்று எழுதி, அடகுத் துண்டின் பிரதியையும் சேருங்கள். வேறு நிறுவனங்களில் உள்ள கடன், லீசிங் தவணைகளையும் செலவில் காட்டுங்கள். கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) அறிக்கையில் அவை எப்படியும் தெரியும்.

வைப்புப் பணத்துக்குக் கிடைக்கும் வட்டியில் கழிக்கும் 10 வீத வரியையும் சிலர் இதோடு குழப்புகிறார்கள். அது வங்கிக் கட்டணமே அல்ல. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் அந்த வரியைக் கழிக்காதிருக்கக் கொடுக்கும் சுயபிரகடனத்தில் தன் சொந்த வருமானத்தை மட்டுமே எழுத வேண்டும், குடும்பத்தினுடையதை அல்ல.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதி, முகாமையாளரிடம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கிளையிலும் தலைமையகத்திலும் தீராவிட்டால் வங்கி வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமோ, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடமோ (தொலைபேசி 1935) முறையிடலாம். முத்திரையிட்ட பிரதி இல்லாவிட்டால் வங்கியிடம் முதலில் கேட்டீர்கள் என்பதை நிரூபிப்பது கடினம்.

வங்கிகளிடமும் ஒரு வேண்டுகோள். "மாத வருமானம்" என்று ஒற்றைக் கட்டம் போட்ட படிவம் திருக்கடலூர், சல்லி, புல்மோட்டை போன்ற கடற்றொழில் ஊர்களுக்குப் பொருந்தாது. பன்னிரண்டு மாதத்துக்கும் இடம் விட்டு அச்சிடுங்கள்.

ஓய்வுநிலை வங்கி உத்தியோகத்தர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.