பணி முடித்து ஊர் திரும்பும் நண்பருக்கு

யாழ்ப்பாணம்,
ஆனி (யூன்) 20.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஆவணிக் (ஓகஸ்ட்) கடைசியோடு ஜேர்மனித் தமிழ்க் கத்தோலிக்கப் பணியகத்தில் உமது குருப்பணி முடிகிறது, எதை முதலில் செய்வதென்று பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர். இங்கே பாசையூர் அந்தோனியார் திருவிழா முடிந்தது. சனம் மடு ஆடித் திருவிழாவுக்கு ஆயத்தமாகிறது. அது முடிய, ஆடி (யூலை) 25ஆம் திகதி யாகப்பர் திருவிழாவுக்குக் குருநகர் காத்திருக்கிறது. சோளகம் எழும்பிவிட்டது, புழுதிக்குக் குறைவில்லை.

இரண்டு மாதம் போதும், ஒழுங்கு மாறாமல் செய்தால். பிரியாவிடைக் கூட்டத்தைப் பற்றித்தான் உமது கடிதத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளும். முதல் வேலை பதிவேடுகள்.

தமிழ்ப் பணியகத்துக்கென்று தனிக்கோவில் இல்லாததால் நீர் கொடுத்த ஞானஸ்நானங்கள் பல நகரங்களில், பல ஜேர்மன் பங்குக் கோவில்களில் சிதறிக் கிடக்கும். ஞானஸ்நானம் நடந்த இடத்துப் பங்குத்தந்தைதான் பதிய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 877. வேறொரு குரு கொடுத்திருந்தால் அவர் அந்தப் பங்குத்தந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்பது 878. தவறிப்போவது இந்த அறிவித்தல்தான். சான்றிதழ் கைக்குப் போயிருக்கும், படமும் எடுத்திருப்பார்கள், ஆனால் புத்தகத்தில் ஒரு வரி இராது. பிள்ளை வளர்ந்து கலியாணத்துக்குக் கடுதாசி கேட்டு வரும்போதுதான் அது வெளிப்படும். அப்போது கேட்பதற்கு நீர் அங்கே இருக்கமாட்டீர். ஆகையால் உமது நாட்குறிப்புகளை எடுத்து, ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் நேரே பங்கின் பெயர், பதிவேட்டின் ஆண்டு, பதிவு இலக்கம் மூன்றையும் எழுதும். இலக்கம் கிடைக்காதவற்றுக்கு அந்தந்தப் பங்கு அலுவலகத்துக்கு இந்த மாதமே எழுதும். கோடை விடுமுறை தொடங்கினால் அங்கே பதில் சொல்ல ஆள் இராது.

பெயர்களையும் ஒருமுறை சரிபாரும். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயரே கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகிவிடுகிறது. தாய்க்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு இன்னொன்று. அதே பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் நகரசபைப் பிறப்புப் பதிவில் வேறொன்றிலும் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடி ஒருமுறையும், பக்கத்தில் தமிழில் ஒருமுறையும் எழுதி வைத்தால் பின்னால் தேடுபவருக்குப் பெரிய உதவி. ஏறிய பதிவில் பிழை கண்டால் நீர் கைவைக்க வேண்டாம். ஆதாரத்தோடு அந்தப் பங்குத்தந்தையிடம் கொடும், ஓரக்குறிப்பாக அவர் திருத்துவார்.

கலியாணங்களுக்கும் இதே கவனம் வேண்டும். இங்கே இளவாலையில் ஞானஸ்நானம் பெற்ற பெண் ஜேர்மனியில் கைப்பிடித்தால், அந்தச் செய்தி இளவாலைப் பதிவேட்டில் ஓரக்குறிப்பாக ஏற வேண்டும். அறிவிப்பது கலியாணம் நடந்த இடத்துப் பங்குத்தந்தையின் கடமை என்று 1122 சொல்கிறது. அறிவித்தல் வராவிட்டால் இங்குள்ள புத்தகத்தில் அவள் இன்னும் கன்னிப்பெண்தான். அனுப்பியும் பதில் வராதவற்றின் பட்டியலை எனக்கு அனுப்பும். யாழ். மறைமாவட்டப் பங்குகளுக்கு நானே கேட்டுத் தருகிறேன்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களில் எத்தனையோ பேர் ஞானஸ்நானச் சான்றிதழைத் தொலைத்துவிட்டுத்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள். அப்படியானவர்களுக்குச் சட்டம் 876இன்படி, யாருக்கும் பாதகம் வராதவிடத்து, நம்பத்தக்க ஒரு சாட்சியின் வாக்குமூலமே போதும். வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவரானால் அவருடைய சத்தியமே போதும். இப்படி நீர் எடுத்த வாக்குமூலங்களின் மூலப்பிரதி உமது லாச்சியில் கிடந்தால் அது அங்கே இருக்கக்கூடாது. பணியகத்து ஆவண அலுமாரிக்குப் போக வேண்டும். சாட்சி சொன்ன பெரியவர்கள் வயது போனவர்கள். இன்னொருமுறை கேட்க அவர்கள் இருப்பார்கள் என்பது நிச்சயமில்லை.

அடுத்தது பூசைக் கருத்துகள், அதாவது இன்னாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி மக்கள் காணிக்கையோடு கேட்டவை. இதில்தான் நல்ல குருக்களும் சறுக்குகிறார்கள். ஏற்ற கருத்துகள், ஒப்புக்கொடுத்தவை இரண்டையும் குறித்து வைக்க வேண்டும் என்பது நீர் அறிந்ததே. புறப்படுமுன் மிச்சமுள்ளவற்றை எண்ணும். நீர் போகும் நாளுக்குள் முடியாதவற்றை இன்னொரு குருவிடம் கொடுக்கும்போது மக்கள் தந்த காணிக்கை முழுவதையும் கூடவே கொடுக்க வேண்டும், 955 அதில் தெளிவு. பணமும் கருத்தும் இரண்டும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று உறுதியாகும்வரை கடன் உம்முடையதே. யூரோவை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பெயர்ப்பட்டியலைப் பிறகு அனுப்பலாம் என்று நினைத்தால், இங்கே பணம் ஒரு பக்கம், ஆன்மாக்களின் பெயர் ஒரு பக்கமாகக் கிடக்கும். ஒரே உறையில் பட்டியல், தொகை, திகதி, வாங்குபவரின் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். ஒரு வருடத்துக்குள் முடிக்காதவை உரிய மேலதிகாரிக்குப் போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கிரகோரியார் பூசை கேட்டு யாராவது வந்தால் ஆவணி 1க்குப் பிறகு ஏற்க வேண்டாம். இறந்த ஒருவருக்காக 30 நாளும் இடையறாமல் போக வேண்டியது அது. ஏற்கெனவே ஏற்றிருந்தால், உமது பயண நாளிலிருந்து தொடர்வதற்கு ஒரு குருவை இப்போதே பேசி வையும். முப்பதையும் ஒரே குருதான் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றில்லை.

இனி, “அடுத்த வருசம் எங்கட பிள்ளையின்ர கலியாணத்துக்கு சுவாமி நீங்கள்தான் வரவேணும்” என்று கேட்பார்கள். அன்பினால் கேட்பது, மறுக்க மனம் வராது. ஆனாலும் வாக்குக் கொடுக்க வேண்டாம். பொறுப்பு முடிந்த நாளோடு அங்கே கலியாணம் நடத்திவைக்கும் அதிகாரமும் முடிந்துவிடும். அதன்பிறகு நீர் விருந்தாளிக் குரு. அந்த இடத்துப் பங்குத்தந்தையோ ஆயரோ குறிப்பிட்ட அந்தக் கலியாணத்துக்கென்று அதிகாரம் தராமல் நீர் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டால் கலியாணமே செல்லாது. குருவுக்கு அதிகாரம் உண்டென்று சனம் பொதுவாகத் தவறாக எண்ணினால் திருச்சபை அந்த அதிகாரத்தை நிறைவுசெய்யும் என்ற 144ஐ நம்பி ஒரு குடும்பத்தின் கலியாணத்தை யாரும் ஆரம்பிக்கக்கூடாது. ஆயத்தம் பாதியில் நிற்கிற சோடிகளின் கோப்புகளில், எந்தக் கடுதாசி வந்தது, எது வரவில்லை என்று மேலட்டையிலேயே எழுதி வையும்.

கையளிப்புக் குறிப்பு ஒன்று கட்டாயம் எழுதும், தமிழிலும் ஜேர்மன் மொழியிலும். எந்த நகரத்தில் எந்தக் கிழமை பூசை, மண்டபத் திறப்பு யாரிடம், வாடகை எவ்வளவு, ஒலிபெருக்கி யாருடையது, மறைக்கல்விக்கு யார் பொறுப்பு, கெவலார் யாத்திரைக்குப் பேருந்து ஒழுங்கு செய்பவர் யார் என்று சின்ன விசயங்கள்தான் வருபவரை முதல் மாதத்தில் திணறடிப்பவை. மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீனை நினைத்துப் பாரும். 1847இல் வந்தவர் 1873இல் நாடு திரும்பும்போது, தமிழிலேயே மருத்துவம் படித்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது, தமிழில் மருத்துவ நூல்களும் இருந்தன. இருப்பவர்களுடைய மொழியில் எழுதி வைத்ததால்தான் அவர் போனபின்னும் வேலை நடந்தது. உமது பணி அளவில் சிறியது, தேவை அதேதான்.

பொருட்பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதி, வருபவரோடு சேர்ந்து நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள். ஒன்று பணியகத்துக்கு, மற்றது மறைமாவட்ட அலுவலகத்துக்கு. பூசைப் பாத்திரம், கதிர்ப்பாத்திரம், உடுப்புகள், தமிழ் வாசக நூல்கள், மாதா சுரூபம் எல்லாம் அதில் வரட்டும். யாராவது “சுவாமிக்கு” என்று தந்த பாத்திரம் உமக்கா, கோவிலுக்கா என்று சந்தேகம் வந்தால், வேறுவிதமாக நிறுவப்படாதவரை கோவிலுக்கே என்று 1267 சொல்கிறது. தந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடும். நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் சிறு பேழையைத் தூய்மையாக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம். அவசரத்தில் நடக்கக்கூடியது. தைலங்கள் அங்கேயே இருக்கட்டும், இங்கே எமது ஆயர் மந்திரித்த தைலம் இருக்கிறது.

இப்போது மனிதர்கள். பிரியாவிடைக்கு வரமுடியாதவர்களிடம் முதலில் போக வேண்டும். முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், இரவு வேலைக்காரர், மனம் நொந்து கோவிலுக்கு வராமல் விட்டவர்கள். ஆடி மாதம் முழுவதையும் இதற்கு ஒதுக்கும். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, நோயிற்பூசுதல் என்று யாருக்கு எது வேண்டுமோ கொடும். அடுத்து வரும் குருவின் பெயரை அவர்களிடம் நீரே சொல்லும். தமிழ் தவிர வேறு மொழி தெரியாத ஒரு கிழவிக்கு உமது மாறுதல் என்பது தன் மொழியில் பாவம் சொல்ல ஆள் இல்லாமல் போகுமோ என்ற பயம். ஆள் வருவார், இந்த நாள் வருவார் என்று கேட்டால் அவளுக்கு நித்திரை வரும். 2009இல் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போகும்போது நேரம் வைத்துக்கொண்டு போகும், அவசரமாக எழும்பும் வீடுகளல்ல அவை.

அகதி வழக்குகளுக்கென்று நீர் கொடுத்த கடிதங்களின் பிரதிகளை ஒரு கோப்பில் இட்டு, வழக்கு முடியாதவர்களுக்கு மட்டும் குறிப்பு எழுதும். நீதிமன்றம் பிறகு கடிதத்தை உறுதிப்படுத்தச் சொன்னால் யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மக்களின் தொலைபேசி இலக்கங்களையும் நோய் விபரங்களையும் உமது சொந்தக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம். ஜேர்மன் கத்தோலிக்கத் திருச்சபைக்கு 2018 முதல் தனித் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வட்ஸ்அப் குழுக்களின் பொறுப்பை வருபவருக்கு மாற்றிவிட்டு நீர் வெளியேறும். குழுவில் நீர் இருந்தால் சனம் உம்மையே கேட்கும், அவர் எப்போதும் புதியவராகவே நிற்பார்.

கெவலார் மாதா யாத்திரையில் பிரியாவிடை வைக்கலாம் என்று சிலர் சொல்வதாக எழுதியிருந்தீர். எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்லா நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவது மாதாவிடம். அங்கே ஒரு வரியில் அறிவித்தால் போதும். பிரியாவிடையை ஆவணிக் கடைசி ஞாயிறுக்கு முந்திய ஞாயிறில் வையுங்கள். கடைசி ஞாயிறை வெறுமையாக விட்டால், வரமுடியாமல் போனவர்கள் அன்று வருவார்கள். ஞாயிறுப் பூசையின் வாசகங்களை மாற்ற வேண்டாம். நன்றி சொல்வதானால் நற்கருணைக்குப் பின்னான மன்றாட்டு முடிந்தபிறகு ஒருவர், சுருக்கமாக. பொன்னாடையும் மாலையும் வாழ்த்துமடலும் மண்டபத்தில். வாழ்த்துமடல் ஒன்றே ஒன்று, பணியகத்தின் பெயரில். ஊர்ச்சங்கம் ஊர்ச்சங்கமாக வாசிக்க விட்டால் விடுபட்ட ஊருக்கு மனவருத்தம் மிஞ்சும். அன்பளிப்பை உறையில் தருவதாயின் அது உமக்கா, பணியகத்துக்கா என்று உறையிலேயே எழுதச் சொல்லும். பெருந்தொகை சேர்ந்தால் காசாகக் கொண்டுவர வேண்டாம். 10,000 யூரோவும் அதற்கு மேலும் கையில் கொண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் புறப்பட்டால் சுங்கத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அரச அலுவல்கள் சில வரிதான். நகரசபையில் வதிவிடப் பதிவு நீக்கத்தைப் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே செய்யமுடியும், அதற்கு முன் ஏற்கமாட்டார்கள். வீடு விட்டபின் இரண்டு கிழமைக்குள் செய்தாக வேண்டும். அந்தச் சான்றைப் படம் பிடித்து வைத்திரும், மருத்துவக் காப்புறுதியையும் தொலைபேசியையும் நிறுத்த அதுதான் கேட்பார்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் அதனால் தானாக நிற்காது, தனியாக எழுத வேண்டும். வங்கிக் கணக்கைச் சில மாதம் திறந்தே வையும், கடைசிப் பற்றுச்சீட்டுகள் பிந்தித்தான் வரும். ஜேர்மன் சிம்மை முதலிலேயே நிறுத்தினால் வங்கியின் உறுதி இலக்கம் வராமல் கணக்குப் பூட்டிக்கொள்ளும்.

திருச்சபைப் பக்கம் இரண்டு கடிதம் வேண்டும். ஒன்று, அங்குள்ள ஆயரிடமிருந்து பணி நல்லபடி முடிந்ததென்ற கடிதம். மற்றது, பூசை வைக்க அனுமதிக்கும் கடிதம். தெரியாத கோவில்களில் கேட்பது ஒரு வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதை. நீர் அங்கே ஐந்து வருடம் தாண்டிவிட்டீர். அந்த மறைமாவட்டத்தில் சேரும் விருப்பத்தை இரு ஆயர்களுக்கும் எழுத்தில் கொடுத்து, நான்கு மாதத்துக்குள் இருவரும் மறுக்காதிருந்தால்தான் 268இன்படி அங்கே சேர்க்கப்பட்டிருப்பீர். அப்படி நீர் எழுதவில்லையானால் யாழ்ப்பாணக் குருதான், சந்தேகமே வேண்டாம். பாவசங்கீர்த்தன அதிகாரத்தை மட்டும் வந்த கிழமையே ஆயர் இல்லத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளும்.

புத்தகங்களைக் கப்பலில் போடும், சிறு பெட்டிகளாக. பெரிய பெட்டியில் புத்தகம் அடுக்கினால் தூக்குபவர் போட்டு உடைப்பார். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளடக்கப் பட்டியல் ஒட்டி, அதன் பிரதியைக் கைப்பையில் வையும். சுங்கத்தில் அதுதான் நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

பதில் வராத கலியாண அறிவித்தல்களின் பட்டியலை முந்தி அனுப்பும். மடுவுக்குப் போகுமுன் கிடைத்தால் இளவாலை, பருத்தித்துறைப் பங்குகளுக்கு அந்தக் கிழமையே நேரில் போய்விடுவேன். விமானம் கட்டுநாயக்காவுக்கா, சென்னை வழியாகப் பலாலிக்கா என்பதையும் எழுதும். வாகனம் பேச வேண்டும்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உமது நண்பன்.