தடை போர்டு மட்டும் போதாது, எடுத்துச் சொல்ல ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரத்துல டூரிஸ்ட் வேன் ஓட்டுதேன். சுற்றுலா இடங்கள்ல ஜனங்க குப்பை போடுதாங்க, கல்லுல பேரு கிறுக்குதாங்கன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி போட்டோவோட நியூஸ் வருது, வருத்தமாத்தான் இருக்கு, ஆனா வண்டியில ஆளக் கூட்டிட்டுப் போறவன் கண்ணுக்கு இதுல வேற ஒண்ணு தெரியுது, அதத்தான் எழுதுதேன்.

நம்ம பக்கம் பாதுகாக்கப்பட்ட இடம்னு எங்க போனாலும் மொதல்ல நிக்கது ஒரு போர்டு. தொடாதே, ஏறாதே, மீறினால் தண்டனை. தண்டனையும் சும்மா இல்ல, 1958ல போட்ட சட்டத்த 2010ல திருத்துனதுக்கு அப்புறம் மத்திய அரசு பாதுகாக்குற சின்னத்த சேதப்படுத்துனா ரெண்டு வருசம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். சரி, இருக்கட்டும். ஆனா அந்த எடத்துல என்ன இருக்கு, அத எதுக்கு இவ்வளவு பொத்திப் பொத்தி வச்சிருக்காங்கன்னு வந்தவனுக்கு யாரு சொல்லுவா? பல எடத்துல ஒருத்தரும் இல்ல. அவன் பத்து நிமிசம் நின்னு செல்பி எடுத்துட்டு "அண்ணாச்சி, குற்றாலத்துல தண்ணி விழுதா?"ன்னு எங்கிட்ட கேக்கான்.

ஆதிச்சநல்லூரையே எடுத்துக்கிடுங்க. திருச்செந்தூர் ரோட்டு ஓரத்துலயே இருக்கு, முருகன பாக்கப் போற சனம் பூரா அத தாண்டித்தான் போவுது, எத்தன பேரு இறங்குதாங்க? 1876ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி கெடச்சத பெர்லினுக்கு கொண்டு போனாரு, அதுக்கப்புறம் அலெக்சாண்டர் ரீ 1899லருந்து சில வருசம் தோண்டுனாரு, தங்க நெத்திப்பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு ஆயுதம்னு அவர் எடுத்ததெல்லாம் சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு. 2004ல மறுபடி தோண்டுனப்போ தாழி தாழியா வந்துச்சு, உள்ள எலும்போட. அங்க கெடச்ச பொருள ஆராஞ்சு கிமு 905, கிமு 696ன்னு காலமும் சொல்லிட்டாங்க. 2023லருந்து குழி மேல கண்ணாடி போட்டு, தாழி கெடந்த எடத்துலயே கெடக்க, நாம மேல நின்னு பாக்கலாம். எவ்வளவு பெரிய விசயம்! ஆனா நான் கூட்டிட்டுப் போன ஒரு குடும்பத்துல ஒரு பையன் குனிஞ்சு பாத்துட்டு "இந்தப் பானையில என்ன சமைப்பாங்க?"ன்னு கேட்டான். அவன் அப்பா "பழைய பானைல, வா"ன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. செத்தவங்கள வச்சுப் புதைச்ச தாழி, கூடவே அவங்க சாமானையும் நெல்லையும் வச்சு அனுப்பிருக்காங்கன்னு பக்கத்துல நின்னு ஒரு ஆளு சொல்லிருந்தா அந்தப் பையன் லேசுல நகந்திருப்பானா.

கழுகுமலைலயும் இதே கததான். வெட்டுவான் கோயில் ஒரே பாறைய மேலருந்து கீழ வெட்டிக்கிட்டே வந்தது, பாண்டியர் காலம், எட்டாம் நூற்றாண்டுன்னு சொல்லுதாங்க. விமானமெல்லாம் முடிஞ்சு கீழ்ப்பாகம் அப்படியே முடியாம நிக்கி. அதனாலதான் எங்க ஆரம்பிச்சான், எப்படி எறங்கி வந்தான்னு நம்ம கண்ணாலயே பாக்க முடியுது, முழுசா முடிஞ்ச கோயில்ல இது கெடைக்காது. மேல மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி இருக்காரு, எத்தன பேரு அண்ணாந்து பாக்காங்க? அதே மலையில பாறை பூரா சமண தீர்த்தங்கரர் செதுக்கிருக்கு, அடியில வட்டெழுத்து. போனவங்கள்ல பாதிப் பேரு அத புத்தர்னு சொல்லிட்டு இறங்கி வருதாங்க. அப்பன் மகன் சிற்பி சண்டை போட்டு கோயில் நின்னு போச்சுன்னு ஒரு கதை மட்டும் எல்லாருக்கும் தெரியும்! கிருஷ்ணாபுரம் கோயில்ல பரவாயில்ல, கர்ணன் சிலைல நகத்தையும் நரம்பையும் காட்டிச் சொல்ல யாராவது ஒருத்தர் வந்துருதாரு, சொன்ன உடனே சனம் வாயப் பொளந்து நிக்கி, தூண தட்டிப் பாக்க வந்த கையி தானா கீழ எறங்குது.

அடுத்து காடு. களக்காடு முண்டந்துறை 1988லருந்து புலிகள் காப்பகம், தமிழ்நாட்டுல மொதல்ல வந்தது இதுதான். 2012ல யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையில 39 எடத்த உலக பாரம்பரியச் சொத்துன்னு அறிவிச்சதுல நம்ம காடும் சேத்தி, அகத்தியமலை உயிர்க்கோளத்துக்கும் 2016ல யுனெஸ்கோ அங்கீகாரம் கெடச்சுது. தாமிரபரணி இந்தக் காட்டுலருந்துதான் வருது, நாம குடிக்கது, நெல்லு விளையுறது எல்லாம் அந்தத் தண்ணி. பாபநாசம் செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி பிளாஸ்டிக் இருக்கா, சரக்கு இருக்கான்னு பைய பூரா கெளறுதாங்க, கெளறட்டும், வேணும். ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையன் கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்கு அது கூட இல்லன்னா காடு தாங்காது. ஆனாலும் பரிகாரம்னு சொல்லி பாபநாசத்துல ஆத்துல துணிய விட்டுட்டுப் போறது நிக்க மாட்டேங்கு, தடை போர்டு பக்கத்துலயே நின்னு விடுதாங்க. அந்தத் துணி பாறை இடுக்குல சிக்கி கெடக்கத பாத்தா வயிறு எரியுது.

காட்ட பத்தி சொல்லுததுக்கு ஆளா இல்ல? காணிக்காரங்க, அந்தக் காட்டுப் பழங்குடி ஜனங்க, தலைமுறை தலைமுறையா அங்கனயே இருக்காங்க, எந்த மரம் எப்போ காய்க்கும், சோலமந்தி எந்தப் பக்கம் வரும்னு அவங்களுக்குத் தெரியாததா. பொதிகை உச்சிக்கு கேரளா பக்கம் போனக்காடுங்கற ஊர்லருந்து ஆள விடுதாங்கள்ல, அங்க கூட்டிட்டுப் போறது காணிக்காரங்கதான். செங்கோட்டை தாண்டுனா தென்மலை, அங்க காட்ட கெடுக்காம எப்படி காட்டுததுன்னு ஒரு திட்டமே வச்சிருக்கான். நம்ம பக்கத்து ஆளுங்க எங்கிட்ட வண்டி பேசி தென்மலைக்குப் போவாங்க, முண்டந்துறைய பத்திக் கேட்டா "அங்க என்ன இருக்கு"ம்பாங்க.

ஊர்க்காரங்கள சேத்தா வெளங்குமான்னு ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு சந்தேகம்னா ஒரு எட்டு கூந்தன்குளம் வந்து பாக்கட்டும். அது சரணாலயம்னு போர்டு வச்சதாலயா நல்லா இருக்கு? மஞ்சமூக்கு நாரை வீட்டு வாசல் வேப்பமரத்துல கூடு கட்டும், எச்சம் நாறும், ஒருத்தரும் வெரட்ட மாட்டாங்க, கூட்டுலருந்து குஞ்சு விழுந்தா எடுத்து வளப்பாங்க, தீவாளிக்கு வெடி கெடையாது. எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு நல்ல உரம்னு வெவரமா சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான். இமயமலைய தாண்டி வர்ற வரித்தல வாத்த ஒரு பெரியவர் பைனாகுலர் இல்லாமலே எங்க ஆளுங்களுக்கு காட்டுனாரு, ஸ்கூல் பிள்ளைய பூரா சத்தமில்லாம நின்னு பாத்துச்சு. 2022ல அந்தக் குளத்துக்கு, உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு குடுக்குற ராம்சார் அங்கீகாரமும் வந்துட்டு. திருப்புடைமருதூரும் அப்படித்தான், மருதமரத்துல அடையுற பறவைக்காக ஊர்க்காரங்களே கேட்டு 2005ல வாங்குன காப்பகம், நாட்டுலயே அந்த மாதிரி மொதல் எடம். அதே ஊரு கோயில் கோபுரத்துக்குள்ள அஞ்சு நிலையிலயும் ஓவியம் இருக்கு, கப்பல்ல குதிரை வந்து எறங்குறது கூட வரைஞ்சிருக்கான், எல்லா நேரமும் பாக்க முடியாது, முடியவும் கூடாது, அத்தன பேரு ஏறுனா சுவரு தாங்காது. கீழ ஒரு ரூம்ல நல்ல போட்டோ எடுத்து மாட்டி, ஒரு ஆளு நின்னு சொன்னா போதுமே.

நான் கேக்கது பெரிய பட்ஜெட் இல்ல சார். ஒவ்வொரு எடத்துக்கும் அந்த ஊர்ல படிச்சிட்டு சும்மா இருக்க புள்ளைகள்ல ரெண்டு பேர எடுத்து, தொல்லியல் ஆளுங்கள வச்சு, வனத்துறைய வச்சு ஒழுங்கா சொல்லிக் குடுத்து, சட்டையும் கார்டும் குடுத்து நிக்க வைங்க. தலைக்கு இவ்வளவுன்னு ரேட்ட எழுதிப் போட்டுருங்க, இல்லன்னா அதுல ஒரு புரோக்கர் வந்துருவான். பொம்பளப் புள்ளைகளையும் எடுக்கணும், அதுக்கு மொதல்ல அங்க ஒரு நல்ல கக்கூஸ் வேணும். இப்ப பல எடத்துல நாங்க லேடீஸ பெட்ரோல் பங்க் தேடி கூட்டிட்டுப் போறோம்.

இன்னொண்ணு, திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலையில, ஆதிச்சநல்லூர் மாதிரி எடத்துல தோண்டி எடுத்தத வச்சிருக்க பொருநை மியூசியம் வந்தாச்சு, அத மொதலாவும் ஆதிச்சநல்லூர கடைசியாவும் வச்சு சனி ஞாயிறுல திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுலருந்து ஒரு அரசு பஸ் விட்டா, வழியில கிருஷ்ணாபுரத்தையும் பாத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். ஏல, உன் பொழப்புல நீயே மண்ணப் போடுதியேன்னு எங்க ஸ்டாண்டுல கேக்காங்க. வேன் பேச காசில்லாதவங்கதான் அந்த பஸ்ல வருவாங்க, அவங்க என்னைக்குமே எங்க வண்டிக்கு வந்ததில்ல.

இப்படிக்கு,
ஒரு வேன் டிரைவர்,
அம்பாசமுத்திரம்.