உன் பட்டியலைப் பார்த்தேன்

அன்புள்ள செல்விக்கு,

மெயில் கிடைத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

அப்பா போனபின் முடிக்க வேண்டிய வேலைகள் என்று நீ பட்டியல் போட்டு, படமெடுத்து அனுப்பிய டைரிப் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். கேஸ் கனெக்‌ஷன் பெயர் மாற்றத்துக்கும் லாக்கர் சாவிக்கும் நடுவில் 'அப்பாவின் செருப்பு, சட்டைகள்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இன்றைக்கே அடித்துவிடு. எந்த அலுவலகமும் அதைக் கேட்கப்போவதில்லை. தோன்றும்போது பார்த்துக்கொள்ளலாம், தோன்றாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

'இவ்வளவையும் நான் எப்போது முடிப்பேன்' என்று கேட்டிருந்தாய். மாமனார் தவறியபோது இதே அலுவலகங்களுக்கு அலைந்தவள் சொல்கிறேன், பட்டியல்தான் நீளம், இன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பது நகராமல் பின்னால் நிற்பது நகராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது இறப்புச் சான்றிதழ். அதை நீ பத்தொன்பதாவதாகப் போட்டிருக்கிறாய்! அப்பா வீட்டிலேயே போனதால் பதிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் அனுமதி, கட்டணம் என்று இழுக்கும். நாளைக் காலை முதல் வேலையாக அதை முடி. பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருக்கிறபடியே விழுகிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்து, கடைசியில் தாசில்தார் தருவார். பட்டா, வீட்டு வரி, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அதன் பின்னால் நிற்பவை. அது கைக்கு வரும்வரை பட்டாவைப் பற்றிக் கவலைப்பட்டு ஒரு பயனும் இல்லை. ஆனால் நாமினி போட்டிருக்கும் வங்கிக் கணக்குக்கும் எல்.ஐ.சி.க்கும் பொதுவாக வாரிசுச் சான்றிதழ் கேட்பதில்லை. அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தையும் அதற்காக நிறுத்திவைக்காதே. வீட்டுச் செலவு ஓட வேண்டியது அதில்தானே.

நான் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இடது பக்கம் என் கையில் இருப்பவை, வலது பக்கம் அடுத்தவர் கையில் இருப்பவை. வலது பக்கத்தில் யாரிடம் கொடுத்தோம், விண்ணப்ப எண் என்ன, மறுபடி என்றைக்கு விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் எழுதுவேன். பல நாள் இடது பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் இருக்காது. சில நாள் காலியாகவே இருக்கும். அன்றைக்கு மதியம் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவேன்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து 'பட்டா, பட்டா' என்று மனசு அடித்துக்கொள்கிறது என்றாய். முடித்த வேலைகளைவிடப் பாதியில் விட்ட வேலைகள்தான் அதிகம் நினைவில் நிற்கின்றன என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இலேயே சோதனை நடத்தி எழுதினார். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் கண்டது நமக்கு இன்னும் உதவும். வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாக முடிவு செய்துவிட்டாலே அந்த நச்சரிப்பு அடங்கிவிடுகிறதாம். அதனால் வெறுமனே 'பட்டா' என்று எழுதாதே. 'வாரிசுச் சான்றிதழ் வந்த வாரம், இ-சேவை மையம், பத்திர நகல் எடுத்துப் போக வேண்டும்' என்று எழுது.

இன்னொன்று, நீ கோபித்துக்கொண்டாலும் சரி. எல்லாவற்றையும் நீ ஒருத்தியே ஏன் தூக்குகிறாய்? கோவையில் இருந்தபடியே உன் அண்ணன் எல்.ஐ.சி.க்கும் கேஸ் ஏஜென்சிக்கும் பேசலாமே. 'ஏதாவது செய்யட்டுமா' என்று யார் கேட்டாலும் 'ஒன்றும் வேண்டாம்' என்பது ஹாஸ்டல் நாளிலிருந்தே உன் பழக்கம். இந்தத் தடவை நான்கு வரியைப் பிரித்து அவருக்கு அனுப்பிவிடு. அண்ணிக்கும் ஒன்று கொடு, கணக்கு வழக்கில் அவர் கெட்டிக்காரர்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, படிப்பதை விடப் பேனா தேடுவதுதான் அதிகம். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

தேர்வு முடிந்ததும் அங்கே வந்து இரண்டு நாள் தங்கலாம் என்றிருக்கிறேன். லாக்கருக்குப் போவதை அதுவரை தள்ளிவை, சேர்ந்தே போகலாம். அம்மாவுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று மட்டும் கேட்டுச் சொல். 'ஒன்றும் வேண்டாம்' என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
வசந்தா