உறங்கிப்போன பிள்ளை

தேகு, தென் கொரியா
16 நவம்பர் 2025

அன்பின் மதிக்கு,

உன் மூன்று கடிதங்களும் என் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஓகஸ்ட் மாதத்துக் கடிதத்தை மொனோ ரயிலில் போகும்போதே இரண்டு தடவை வாசித்தேன். பதில் எழுதாமல் விட்டதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. நீ கேட்டிருந்த ஒரு கேள்விக்கு என்னிடம் நேர்மையான விடை இருக்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு விடை கிடைத்துவிட்டது. அதனால்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கென ஒதுக்கியிருக்கிறேன்.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதியடைந்தேன். வாய்பாட்டு மாஸ்டர் இன்னமும் அதே சைக்கிளில்தான் போகிறார் என்று எழுதியிருந்தாய். அந்த மணியோசையை நினைத்தவுடன் பன்னிரண்டாம் வாய்பாடு தானாகவே வாயில் வந்தது. உனக்கு இப்போதும் வராது என்று எனக்குத் தெரியும்.

தம்பி இங்கு வந்து ஆங்கிலம் கற்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது, மதி. ஆங்கில ஆசிரியருக்குரிய ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் இங்கு வருகிற நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கொரிய மொழிப் பரீட்சை எழுதி, தொழிற்சாலைக்குரிய ஈ-9 விசாவில்தான் வருகிறார்கள். இந்நகரின் மேற்குப் புறத்திலுள்ள சொங்சோ தொழிற்பேட்டைப் பக்கம் போகிறபோது பஸ்ஸில் சிங்களமும் சில வேளைகளில் தமிழும் காதில் விழும். தம்பியின் ஆங்கிலம் என்னுடையதை விடச் சுத்தமானது என்பதை நீயும் அறிவாய், நானும் அறிவேன். பதினாறு வயதில் ரொறன்ரோவுக்குப் போன ஒரே காரணத்தால் நான் வகுப்பறையில் நிற்கிறேன். இது எனக்கு ஆறாத வருத்தம். ஆயினும் அவனை வீணாக நம்பிக்கை கொள்ள விடாதே.

இனி என் நாளைச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் இடத்தை இங்கு ஹாக்வொன் என்பார்கள். நம் ஊர் ரியூட்டரிதான். ஓலைக் கொட்டிலும் வாங்குகளும் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மாடிக் கட்டடமும் மின்தூக்கியும் இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் இரண்டாம் மாடி கணிதம், மூன்றாம் மாடி நாங்கள், நான்காம் மாடி விஞ்ஞானம். தேகுவில் சுசோங் என்ற பகுதி இவற்றுக்குப் பேர்போனது. பிள்ளைகளின் படிப்புக்காகவே பெற்றோர் அங்கு வீடு மாறுவார்கள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் ஹாக்வொன் நடக்கும் என்பதால் என் காலைப் பொழுது முழுவதும் எனக்கே சொந்தம். ஹாக்வொன் கொடுத்த ஒற்றை அறை வீட்டில், சுடுநீர்க் குழாய் ஓடும் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பேன். குளிர் தொடங்கிய பிறகு அந்தச் சூடான தரையை விட்டு எழ மனம் வராது. பதினொரு மணிக்குமேல் துணி துவைப்பது, உணவுக் கழிவை அதற்குரிய பையிலும் பிளாஸ்டிக்கை வேறாகவும் பிரித்துக் கீழே கொண்டுபோய் வைப்பது, கொரிய எழுத்துக் கொப்பியை எடுத்து ஒரு மணி நேரம் படிப்பது என்று நேரம் போய்விடும். ஒரு மணிக்குத் தெருமுனைக் கடையில் கிம்பாப். அந்தக் கடைக்காரம்மா என்னைக் கண்டதும், நான் சொல்லாமலே, பன்றி இறைச்சித் துண்டை எடுத்து வைத்துவிட்டுச் சோற்றைச் சுருட்டத் தொடங்குவார். வந்த புதிதில் அவருடைய கடையைத் தவிர வேறெங்கும் எனக்கு வீடு போன்ற உணர்வு ஏற்பட்டதில்லை.

பிறகு மொனோ ரயில். 2015இல் திறந்த மூன்றாம் தடம் அது. தொடர்மாடி வீடுகளுக்கு மிக அருகில் போகும்போது, உள்ளே இருப்பவர்களின் வீட்டை நாம் பார்க்காதவாறு, ரயிலின் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும். முதல் தடவை கண்டபோது என் கண்ணுக்குத்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன்.

இரண்டரை மணி முதல் இரவு ஒன்பதரை வரை வகுப்புகள். இலக்கணத்தைக் கொரிய ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். பேச்சும் வாசிப்பும் எழுத்தும் எங்கள் பொறுப்பு. ஆரம்பத்தில் என் புகைப்படத்தைக் கண்டதும் ஹாக்வொன் அதிபர் தயங்கினார் என்றும், பெற்றோர் பலர் ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளை முகத்தையே எதிர்பார்ப்பார்கள் என்றும் எங்கள் கொரிய ஆசிரியை பின்னர் சொன்னார். பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. தகப்பனை ‘அப்பா’ என்றுதான் நாங்களும் கூப்பிடுவோம் என்று நான் சொன்ன அன்று வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். அதைப் போலவே, ‘ஃபிஷ்’ என்பதை அவர்கள் ‘பிஷ்’ என்று சொல்லும்போது, அந்த ஒலிக்காக நம் ஆங்கில ரீச்சர் உன் கீழுதட்டைத் தொட்டுக் காட்டிய நாள் என் கண்முன் வரும். அந்த ஒலி இல்லாத மொழியில் பிறந்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கப் பொறுமை அதிகம்.

இங்கே பிள்ளைகள் வகுப்புக்கென்று ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்வார்கள். நான் சொல்லப் போகிறவனின் வகுப்புப் பெயர் லியோ. ஆறாம் வகுப்பு. பள்ளி மூன்று மணிக்கு விடும், மூன்றரைக்குக் கணித ஹாக்வொன், ஆறரைக்குக் கடையில் ஒரு முக்கோணச் சோற்றுருண்டையும் கோப்பை நூடுல்ஸும், ஏழு மணிக்கு எங்களிடம். ஒன்பதரைக்குப் போனால் பள்ளி வீட்டுப்பாடம், கணித வீட்டுப்பாடம், நான் கொடுத்த வீட்டுப்பாடம். மூன்றாவதாகச் சொன்னதை நான் வேண்டுமென்றே கடைசியில் எழுதுகிறேன்.

அன்று புதன்கிழமை, கடைசிப் பாடம். பள்ளி விட்ட பின் என்ன செய்கிறாய் என்று ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். நான் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, லியோ நான்கு வசனங்களைக் குண்டு குண்டாக எழுதி முடித்திருந்தான். ஐந்தாவதில் ‘ஐ கோ டு’ என்ற இடத்தில் எழுத்து நின்று, கடைசி ‘ஓ’விலிருந்து பென்சில் கோடு மெல்லியதாகப் புறப்பட்டு, வரிகளையெல்லாம் குறுக்கே கடந்து, தாளின் ஓரம் வரை இறங்கியிருந்தது. பென்சில் விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. கன்னம் கொப்பியின்மேல். மேல்சட்டையைக்கூட அவன் கழற்றியிருக்கவில்லை.

நான் அவனை எழுப்பவில்லை. மற்ற ஒன்பது பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வழக்கமாகக் கூரையைப் பிய்க்கும் வகுப்பு அது. அன்று மீதி நேரம் முழுவதும் ஆங்கில விடைகளை எனக்கு இரகசியம் சொல்வது போலச் சொன்னார்கள். பதினெட்டு நிமிடங்கள். மணி அடித்ததும் அவனே விழித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சொறி, ரீச்சர்” என்றான். எதற்கு மன்னிப்பு, மதி? பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு உறங்கியதற்காகவா?

வகுப்பறையில் கமரா இருக்கிறது. மறுநாள் நான் போனபோது அதிபர் காத்திருந்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கி வந்து கதவில் தொங்கவிட்டுப் போனவர். பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள், உறங்கும் பிள்ளையைப் பின்னாலுள்ள நெட்டை மேசையில் நிற்க வையுங்கள் என்று அமைதியாகச் சொன்னார். இங்கே சில பள்ளிகளிலும் அப்படியொரு மேசை உண்டு. நித்திரை வருகிற பிள்ளை எழுந்துபோய் அங்கே நின்றபடி படிக்கலாம். என்னால் அது முடியாது என்று சொன்னேன். இரண்டு ஆண்டுகளில் அவரிடம் நான் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

அடுத்த நாள் தாயார் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். கையில் ஒரு பெட்டி சீமைப் பனிச்சைப்பழம். சொமுன் சந்தையில் துணிக்கடையில் வேலை, முடிய இரவாகிவிடும், மகன் சாப்பிடுகிற இரவுச் சாப்பாட்டைத் தாம் கண்ணால் காண்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே என்றார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போகும்போது என் பிள்ளையை மட்டும் வீட்டில் வைத்திருந்து நாளைக்கு அவன் பின்தங்கிவிட்டால் அந்தப் பழி யாருக்கு என்று கேட்டார். கொரிய ஆசிரியை மொழிபெயர்த்தார், ஆனால் அந்தக் கேள்வியை நான் முகத்திலேயே வாசித்துவிட்டேன். உரையாடலில் அவர் மகனைச் சொந்தப் பெயரால் அழைத்தார். எட்டு மாதங்களாக வாரத்தில் மூன்று நாள் என் முன்னால் இருந்த பிள்ளையின் பெயரை நான் அன்றுதான் அறிந்தேன். அது எனக்குப் பெரிய வெட்கமாகப் போயிற்று. இப்போது பத்துப் பேருடைய பெயர்களையும் கொரிய எழுத்தில் எழுதி, என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

எழுந்து போகும்போது அந்தத் தாய் கதவருகில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: “எவ்வளவு நேரம் உறங்கினான்?” பதினெட்டு நிமிடம் என்றேன். தலையை ஆட்டினார். கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

இதை அவருடைய குற்றமாக நீ எண்ணிவிடக் கூடாது. கடந்த வியாழக்கிழமை, 13ஆம் திகதி, பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை நடந்தது. ஐந்தரை லட்சம் பிள்ளைகள். அன்று அலுவலகங்கள் ஒரு மணி நேரம் பிந்தித் திறக்கும். ஆங்கிலம் கேட்டு விடையெழுதும் 35 நிமிடங்களுக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. நான் கற்பிக்கும் ஒரு பாடத்துக்காக ஒரு தேசத்தின் வானமே மௌனமாகிறது என்பதை நினைத்துப் பார். அதற்கு முந்திய வாரங்களில், பரீட்சையில் ‘ஒட்டிக்கொள்ள’ வேண்டும் என்று பிசின் மிட்டாய் கொடுப்பார்கள். வழுக்கிவிடும் என்று கடற்பாசிச் சூப்பைத் தவிர்ப்பார்கள். ஒக்டோபரில் பல்கொங் மலைக்குப் போனேன். 850 மீற்றர் உயரத்தில், தட்டையான கல்லைத் தொப்பிபோலத் தலையில் தாங்கிய பழைய புத்தர் இருக்கிறார். மனமுருகிக் கேட்டால் ஒரு வேண்டுதலை நிறைவேற்றுவார் என்பது நம்பிக்கை. குளிர்காற்றில் நூற்றுக்கணக்கான தாய்மார் விழுந்து எழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லூர் வீதியில் நம் பரீட்சைக் காலத்தில் உன் அம்மாவும் என் அம்மாவும் நின்ற நிலை அப்படியே. அங்கே நின்று யாரைக் குறைசொல்வது?

ஆனாலும் கணக்கைப் பார். 2024ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் தனியார் வகுப்புகளுக்குப் பெற்றோர் செலவிட்டது 29.2 லட்சம் கோடி வொன். பத்தில் எட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். ஆங்கிலப் பாலர் வகுப்பு முடித்தவர்கள் நல்ல ஹாக்வொன்னில் இடம்பிடிக்க எழுதும் சோதனைக்கு ‘ஏழு வயதுப் பரீட்சை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இரவு 10 மணிக்குமேல் ஹாக்வொன் நடத்தக் கூடாது என்று இந்நகரில் விதி உண்டு. அந்த நேரத்தில் தெரு முழுவதும் மஞ்சள் வான்கள் அணிவகுத்து நிற்கும். பிறகும் விடிய விடியத் திறந்திருக்கும் படிப்பகங்களுக்குப் போகிற பெரிய பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன். நான்கு மணி நேரம் உறங்கினால் சித்தி, ஐந்து மணி நேரம் உறங்கினால் தோல்வி என்பது இங்கே பழமொழிபோலச் சொல்லப்படுவது. இத்தனைக்கும் பிள்ளைகளே குறைந்துகொண்டு வரும் நாடு இது. இரண்டு நாட்களுக்கு முன் வான் ஒன்றில் ஏறிய ஒரு சின்னப் பெண், இருக்கையில் அமருமுன்பே கண்ணை மூடியதைப் பார்த்தபோது, இந்த வரிசையில் நானும் ஒரு படிக்கட்டு என்ற எண்ணம் நெஞ்சை அடைத்தது.

என் ஒப்பந்தம் இம்மாதம் 30ஆம் திகதியுடன் முடிகிறது. மாதம் 25 லட்சம் வொன், வீடு இலவசம், ஓய்வூதியத்துக்கு நான் கட்டும் தொகைக்குச் சமமாக அவர்களும் கட்டுகிறார்கள், வேலையை விட்டுப் போகும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். வேறோர் இடத்தில் வேலை செய்த என் தென்னாபிரிக்கச் சிநேகிதியைப் பதினோராம் மாதத்தில் நிறுத்தி அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டார்கள். எங்கள் அதிபர் அப்படிப்பட்டவர் அல்லர். புதிய ஒப்பந்தத்தைத் தந்து பத்து நாளாகிறது. இரண்டு நிபந்தனைகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டு மணிக்குப் பிந்திய வகுப்புகளுக்கு நான் வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டேன், நெட்டை மேசைக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒப்புக்கொள்ளாவிட்டால் விசாவுக்கு வேறு வேலைத்தலம் தேட வேண்டும். அதற்கும் ஆயத்தமாகத்தான் இருக்கிறேன்.

ஓகஸ்ட் கடிதத்தில் நீ கேட்டிருந்தாய்: அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை, மகனுக்கு இரண்டு ரியூசன் இருக்கிறது, மூன்றாவதாக மாலை ஆறரை வகுப்பிலும் சேர்க்கட்டுமா, நீ ஆசிரியை, நீயே சொல் என்று. சேர்க்காதே, மதி. நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. அந்தத் துணிக்கடைத் தாயின் பயமும் அதுதான். ஆனால் அவனுக்கு வயது ஒன்பது. ஆறரை வகுப்பில் அவன் கற்கப் போவதை, விடிந்தபின் நீயே அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்துவிடுவாய். கணிதம் என்றால் மட்டும் வாய்பாட்டு மாஸ்டரிடம் விட்டுவிடு.

கோபித்துக்கொள்ளாமல் உடனே பதில் எழுது. வேறொன்றும் எழுத நேரமில்லாவிட்டால், அவன் இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதையாவது எழுது.

அன்புடன்,
கலா