பாப்பாவின் டி.சி.

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நல்லபடியாக இருக்க முத்தாரம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கியது போக மீதியை பேங்கிலேயே விட்டு வைத்திருக்கிறேன். எங்களுக்கு என்ன பெரிய செலவு? இவ்வளவு அனுப்பாதே. உனக்குத்தான் வீட்டு அட்வான்ஸ், சாமான் ஏற்றுகிற கூலி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீ "சொல்லுங்கப்பா" என்கிறாய், பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை பெய்கிறதா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் நீ ராத்திரி சாவகாசமாகப் படிக்கலாம்.

முதலில் ஒன்று. பாப்பாவின் டி.சி.யைப் பத்திரமாக வை. விசாகப்பட்டினத்தில் வாங்கியதை ஜாம்நகர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாய் அல்லவா, அங்கிருந்து கிளம்பும்போது திரும்ப வாங்கினாயா? கையில் இருந்தால் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, உன் வெல்டர் சர்டிபிகேட் இருக்கும் பெட்டியிலேயே வை. வீடு மாற்றுகிற அவசரத்தில் பாத்திரம் பண்டம் எல்லாம் வந்துவிடும், காகிதம்தான் எங்காவது தங்கிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், மருமகள் நம்பருக்குக் கூப்பிட்டேன். பாப்பா எடுத்தாள். லீவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமையும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கும் அவள்தான் எடுத்தாள். என்னம்மா செய்கிறாய் என்றேன், சும்மாதான் இருக்கேன் தாத்தா என்றாள். அப்புறம் மருமகள் வந்து ஃபோனை வாங்கி, அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. மருமகளை நீ ஒன்றும் சொல்லிவிடாதே, அவள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள்.

ஒடிசாவில் பாரதீப்புக்குப் போன புதிதில் பாப்பா என்னிடம் நிறையப் பேசினாள். இங்கே கடை போர்டில் எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கிறது தாத்தா என்றாள். அந்தக் காலத்தில் அவர்கள் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினார்கள், நேராகக் கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கிழிந்துவிடும், அதனால் வளைத்து வளைத்து எழுதினார்கள் என்று சொல்கிறார்களம்மா என்றேன். அப்படியென்றால் தாத்தா ஏறின மரம் இங்கேயும் இருக்கிறதா என்று கேட்டாள். எவ்வளவு கூர்மையான பிள்ளை! இப்போது ஃபோனில் ம், ம் என்கிறாள், அவ்வளவுதான்.

ஊர்ச் செய்தி சொல்ல வேண்டும் என்றால், தசராவுக்கு நீ வருவாய் என்று உன் அம்மா ஐந்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் நேரத்தில் லீவு கிடைக்காது, எனக்குத் தெரியும். ஆனால் வரமுடியாது என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். வடக்குப் பக்கத்துப் பனங்காட்டில் இன்னும் இருபது மரம் போய்விட்டது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-லேயே அரசாங்கம் சொல்லிவிட்டது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்தது என்று பேப்பரில் எல்லாம் போட்டார்கள். ஏறுகிறவன் வேண்டுமே. நம் தெருவில் இப்போது இரண்டு பேர்தான் ஏறுகிறார்கள், இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

நீ ஏறாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். உன் வெல்டிங் ஜாயின்ட்டில் எக்ஸ்ரே எடுத்தால் ஒரு ரிப்பேர் வராது என்று உன்னோடு வேலை பார்த்த பையன் டீக்கடையில் வைத்துச் சொன்னான். நாலு பேர் கேட்கும்படி சொன்னான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நீ மட்டும் அலையாதே, கூட்டிக்கொண்டு போ என்று சொன்னதும் நான்தான். அதையும் மறக்கவில்லை. ஒரு வருஷத்தில் மூன்று ஊர், மூன்று வீடு, மூன்று பாஷை என்று ஆகும் என நான் நினைக்கவில்லை. டி.சி. மட்டும் கையில் இருந்தால் எந்த ஊரிலும் சமாளித்துக்கொள்ளலாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நாமும் ஒரு வருஷம் அப்படி அலைந்தோம். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. 1992. அதற்கு முந்தின வருஷம்வரை மாசியில் நானும் அம்மாவும் பனை ஏறச் சாயல்குடிப் பக்கம் போய்விடுவோம், நீ ஆச்சியோடு இங்கேயே இருந்து பள்ளிக்கூடம் போவாய். ஆடியில் நாங்கள் திரும்பி வருவோம். அந்தத் தையில் ஆச்சி போய்விட்டாள். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வாடகை எதற்கு என்று வீட்டையும் காலி செய்தோம். தூத்துக்குடியில் பஸ் மாறி, வேம்பார் தாண்டி இறங்கி, கலயமும் பதநீர் காய்ச்சுகிற தாச்சியும் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடந்தோம். நீ என் அரிவாள் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாய். பனையோலையில் கட்டின விடிலிக் குடிசையைப் பார்த்ததும் இதுக்குக் கதவு எங்கேப்பா என்று கேட்டாய்.

அந்த ஆடியில் திரும்பி வந்து அத்தை வீட்டுத் திண்ணையில் இருந்தோம். அங்கே ஆவணியில் தங்கச்சி பிறந்தாள். புரட்டாசியில் ஏரல் பக்கம் வாழைத்தோட்ட வேலை, அங்கே ஒரு ஓலைக் கொட்டகை. ஐப்பசி கடைசியில் தாமிரபரணி உடைத்துக்கொண்டு வந்தபோது கைக்குழந்தையோடு மேட்டுக்கு ஓடினோம். கார்த்திகையில்தான் இங்கே இன்னொரு வாடகை வீடு கிடைத்தது. அதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வருவது விடிலியில் இருந்தபோது நடந்தது.

காலையும் சாயங்காலமுமாக நாற்பது மரம் ஏறி இறங்குவேன். அம்மா தாச்சிக்கு முன்னால் உட்கார்ந்தால் பதநீர் கூழாகிச் சிரட்டையில் ஊற்றும்வரை எழுந்திருக்க முடியாது. வயிற்றில் தங்கச்சி வேறு. கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலையை உன்னிடம் கொடுத்தேன். கலயத்தின் உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு படவேண்டும், ஒரு இடம் விட்டுப்போனாலும் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். போலீஸ்காரர் வந்து கலயத்தை மோந்து பார்க்கிற காலம். நீ கையை உள்ளே விட்டு விட்டுத் தடவுவாய். பங்குனி முடிவதற்குள் உன் விரல் நுனி பத்தும் வெந்து தோல் உரிந்துபோனது. ராத்திரி அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுவிடும்போது நீ அழமாட்டாய், விரலை மட்டும் விரித்து விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்ப்பாய். அந்த விரல்கள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

ஆனி மாதம் சாயல்குடிக்குக் கருப்பட்டி போடப் போனபோது வியாபாரி என்னிடம் ஒரு கார்டைக் கொடுத்தார். நம் ஊர்ப் பெரிய வாத்தியார் எழுதியிருந்தார். என் விலாசம் தெரியாமல் யார் யாரிடமோ விசாரித்து வியாபாரி விலாசத்துக்குப் போட்டிருக்கிறார். முழுப்பரீட்சை நீ எழுதவில்லை என்றாலும் அரைப்பரீட்சை மார்க்கை வைத்து உனக்குப் பாஸ் போட்டுவிட்டதாகவும், ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலோடு இடம் சொல்லி வைத்திருப்பதாகவும், மாதம் முடிவதற்குள் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து டி.சி. வாங்கிக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்.

நான் அதை மடித்து அரிவாள் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பதநீர் நன்றாக ஊறுகிற நேரம். வியாபாரியிடம் வாங்கின முன்பணம் பாதிகூடக் கழியவில்லை. உன்னை அனுப்பிவிட்டால் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ ஆள் இல்லை, பதநீரை விடிலிக்குச் சுமக்க ஆள் இல்லை, அம்மாவுக்கு ஏழாம் மாதம். ஒரு வாரம் அந்தக் கார்டோடு மரம் ஏறினேன். பாளை சீவ அரிவாளை எடுக்கும்போதெல்லாம் அது கையில் படும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒருநாள் விடியற்காலை அடுப்புப் பற்றவைக்கும்போது அதையும் சேர்த்து வைத்துவிட்டேன். அம்மாவுக்கும் இது தெரியாது.

ஆடியில் ஊருக்கு வந்ததும் நீ கேட்டாய். பெரிய வாத்தியார் இடமில்லை என்று சொல்லிவிட்டார், பரீட்சை எழுதாத பையனைச் சேர்க்க முடியாதாம் என்று சொன்னேன். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை ஐயா. ஒரு வருஷம் கழித்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தாய். எட்டோடு நின்றாய். வெல்டர் டிரேடுக்கு எட்டு பாஸ் போதும் என்று ஐ.டி.ஐ.யில் சொன்னதால் உன் பிழைப்பு ஒரு வழியாக ஆனது. நன்றாகவே ஆனது. ஆனால் அது நீயாக ஆக்கிக்கொண்டது.

நீ அவரை அதற்கப்புறம் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அவராகவே வந்து என்னப்பா படிக்கிறாய் என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய், நான் பக்கத்தில் நின்றேன். அவரும் என்னிடம் கார்டு கிடைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வைகாசியில் அவர் காலமான செய்தியை உன்னிடம் ஃபோனில் சொன்னேன். என்னைச் சேர்க்கமாட்டேன் என்று சொன்ன ஆள்தானே என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு இழவு வீட்டுக்குப் போய் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

இதை உன் மன்னிப்புக்காக எழுதவில்லை. நீ அவர் பேரில் வைத்திருக்கிற கோபத்தை எடுத்துவிடு, அது என் பேரில் இருக்க வேண்டியது.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். நான் உன்னைக் கேட்கிற தகுதியில் இல்லை, கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ படித்த அதே பள்ளிக்கூடம்தான், ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், வேம்பு அப்படியே நிற்கிறது. இப்போது பெரிய டீச்சர் ஒரு பொண்ணு, நம் தங்கச்சி வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னார். பேத்தி வெளிமாநிலத்தில் இருக்கிறாள், ஐந்தாம் வகுப்பு, நடுவில் வந்தால் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். எந்த மாதம் வந்தாலும் சேர்க்கலாமாம். வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்தைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பார்களாம். 2009-ல் போட்ட சட்டம் என்றார். டி.சி. வர நாளாகும் என்று காரணம் சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதிலேயே இருக்கிறதாம். அதனால் டி.சி. ஜாம்நகரில் இருந்தாலும் சரி, தொலைந்தே போயிருந்தாலும் சரி, அதைப் பற்றி நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

மருமகளும் பாப்பாவும் இங்கே வந்து இருக்கட்டும். தெற்கு அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். நீ இந்த ஷட்டவுன் முடிந்ததும் வா. இல்லை, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரே இடத்தில் இருப்பாய் என்றால் அதுவும் சரி. உன் முடிவு.

பேரை எழுதிக்கொண்டார்கள். பிறந்த தேதி கேட்டார்கள். ஆவணி இரண்டாம் வெள்ளி என்று சொன்னேன், இங்கிலீஷ் தேதிதான் வேண்டுமாம். வருஷத்தோடு எழுதி மெசேஜில் அனுப்பு. அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் போய்க் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
அப்பா