மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் ஐயா அவர்களுக்கும், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக் கூட்டத்தை ஜூலை 10-இல் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1957-இல் இதே நாளில்தான் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரியும் மலையாளியான அலிக்குஞ்ஞியும் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டையை முட்டையிட வைத்தார்கள். நாம் வளர்க்கும் புல்கெண்டை நம் நாட்டுக்கு வந்தது 1959-இல். அதுவும் குளத்தில் தானாக முட்டையிடாது, ஓடுகிற ஆற்றுத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் மலம்புழைக்கும் ஆழியாறுக்கும் ஆக்சிஜன் பையில் அடைத்த குஞ்சுக்காக அலைந்துகொண்டிருந்தோம்.

சென்ற ஜூனில் முதன்முறையாக நாமே குஞ்சு எடுக்க இறங்கினோம். தாய் மீன் வயிறு மெத்தென்று இருந்தது. ஆணைக் கண்டுபிடிக்க, செவுளுக்குப் பின்னாலிருக்கும் துடுப்பைத் தடவினால் போதும், உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். மாலையில் முட்டையிடத் தூண்டும் ஓவாப்ரிம் ஊசி, பெண்ணுக்குக் கிலோவுக்கு அரை மில்லி, ஆணுக்கு அதைவிடக் குறைவு. விடிகாலையில் வயிற்றை வழித்ததும் முட்டை கம்பங்கூழ் போலத் தட்டில் விழுந்தது. அதன்மேல் விந்தைப் பிழிந்து கோழி இறகால் கலக்கினோம். தண்ணீர் பட்டால் விந்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆயுள் இல்லை. ஆகவே தட்டு, கை, மீன் வயிறு எல்லாம் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். கலந்த பிறகு தண்ணீர் விட்டதும் முட்டை ஜவ்வரிசி போல ஊதியது.

தண்ணீர் சுழன்றோடும் வட்டத் தொட்டியில் விட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. டீசல் என்ஜின் இருந்தது, கேனில் டீசல் இல்லை. அதைப் பார்த்துவைக்க வேண்டியது என் வேலை, பார்க்கவில்லை. ஓட்டம் நின்றால் இந்த முட்டை மிதக்காது. அடியில் படிந்தது, மதியத்துக்குள் வெளுத்துவிட்டது. பொருளாளர் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

ஜூலையில் மறுபடி செய்தோம். ஒரு நாளுக்குள் பொரிந்தது. மூன்று நாள் கழித்து நாற்றங்கால் குட்டைக்கு மாற்றினோம். பெயர் புல்கெண்டை என்றாலும் குஞ்சு புல் தின்னாது, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்தான் தீனி. சாணமும் கடலைப் புண்ணாக்கும் போட்டு அதை முன்பே வளர்க்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் அவசரப்பட்டு நக அளவுக் குஞ்சை விரால் இருக்கும் ஏரியில் விட்டார். விராலுக்கு விருந்து. விரலளவு வந்த பிறகே விடுங்கள்.

தீனிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மீன் ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய 40 கிலோ பச்சை வேண்டும். நம் ஊரில் கோ-4 தீவனப் புல் மாட்டுக்கே காணாது. வேலம்பாசி, வாழையிலை, சர்க்கரைவள்ளிக் கொடி பாருங்கள். பாதி செரித்து மீன் விடும் கழிவே குளத்துக்கு உரம், கூட இருக்கும் கட்லாவும் ரோகுவும் அதில் தேறும். வழிந்தோடும் மடையில் வலை கட்டாமல் விட்டால் மீன் தப்பிப் போய்ப் பக்கத்து வயலின் நாற்றைத் தின்றுவிடும். வழக்கு தீர்க்க என்னைக் கூப்பிடாதீர்கள்.

மானிய மனு இந்த ஆண்டும் மலையாளத்தில் மட்டுமே வந்தது. தமிழிலும் கேட்டு இரண்டு முறை எழுதினோம், பதில் இல்லை. நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரலாம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்தப் பருவக் குஞ்சுக்குப் பெயர் கொடுத்தவர்கள் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு பை கட்டித் தரமாட்டேன்.