திருப்புவின் பாட்டியையும் கவனி

அன்புள்ள தம்பி,

‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, நாலு பேருக்கு ஒரே முகம், ஆள் மாறாட்டம், அவ்வளவுதானே அக்கா என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் படத்தைப் பற்றி ரெண்டு வரியில் பேசி முடிக்க எனக்கு மனசு வராது. நீ பார்த்ததெல்லாம் ஒரு நிமிஷத் துண்டுகள், மீம்கள், அப்புறம் 2021-ல் வேறொரு படத்தில் மறுபடி வந்த அந்தப் பாட்டு. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் நீ கேட்டது நியாயம்தான்.

ஆள் மாறாட்டக் கதை 1990 தீபாவளிக்கு இந்தப் படம் வந்தபோதே பழசு. படத்தைத் தாங்குவது கதை இல்லை, அதற்குள் நடமாடுகிற ஆட்கள். தாங்கள் ஒரு சிரிப்புப் படத்துக்குள் இருக்கிறோம் என்று இதில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கவலை இருக்கிறது, அந்தக் கவலையை உயிர்போகிற விஷயமாக எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஓடுகிற வழியில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள்.

சாம்பாரில் மீன் விழுகிற காட்சியையே எடுத்துக்கொள். கல்யாணச் சமையல், பந்தியில் ஆட்கள், சமைக்கிறவன் காமேஸ்வரன், பாலக்காட்டுக்காரன், மீன் வாடையே ஆகாதவன். அவனை வளர்த்த மணி ஐயராக டெல்லி கணேஷ். ரெண்டு பேர் முகத்திலும் சிரிப்பின் சாயல்கூட இருக்காது, நன்றாகப் பார். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிற அந்த நேரத்தில் அவர்களுக்கு மானம் போய்க்கொண்டிருக்கிறது, தொழில் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணைச் சிமிட்டி ‘இது தமாஷ்’ என்று நமக்கு ஜாடை காட்டியிருந்தால் அந்தக் காட்சி அன்றைக்கே செத்திருக்கும்.

கமலுக்கு நாலு வேஷம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது நாலு பேச்சு. காமேஸ்வரனுக்குப் பாலக்காட்டுத் தமிழ், ராஜுவுக்கு மெட்ராஸ் பாஷை, மதனுக்கு லண்டன் வாடையோடு இங்கிலீஷ், மைக்கேலுக்குக் கரகரத்த தொண்டை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரியும். கிரேஸி மோகன் வசனமோ, முன்னால் பேசியவர் விட்டுப்போன ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும், முதல் சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவது வந்துவிடும். வெட்டிப் போட்ட துண்டில் இந்த வேகம் எப்படிக் கிடைக்கும்?

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கமலுக்காக இல்லை, சுற்றி இருக்கிறவர்களுக்காக. நாகேஷின் அவினாசி, முதலாளியிடம் கையாடல் செய்து மாட்டிக்கொண்ட மனிதர். ஒரே முகம் பல ஆளாக எதிரே வந்து நின்றால், எந்த முகத்துக்குக் கும்பிடு போடுவது, எதை அதட்டுவது? அந்தக் குழப்பம் வசனம் வருவதற்கு முன்னாலேயே அவர் முதுகில் தெரியும், பாதி வளைந்து பாதி நிமிர்ந்து நிற்பார். மெய்க்காப்பாளர் பீமாக வருகிறவர் பிரவீன் குமார், டிவி மகாபாரதத்தில் பீமனாக நடித்தவர், 1966-லும் 1970-லும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட்டெறிதலில் தங்கம் வென்றவர். அவ்வளவு பெரிய உருவம், சொன்னதை அப்படியே செய்கிற குழந்தை மனசு. அப்புறம் ஊர்வசி நடிக்கிற திருப்புவின் பாட்டி, எஸ்.என்.லட்சுமி. கைநீளம் அந்தப் பாட்டிக்கு. எதைக் கண்டாலும் எடுத்துவிடுவார், முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இருக்காது. ஊர்வசி இதற்கெல்லாம் நடுவில் அழுவதும் கெஞ்சுவதும் அவ்வளவு நிஜமாக இருக்கும், அதனால்தான் திருப்புவுக்காக நமக்குக் கவலையும் வருகிறது.

எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். மைக்கேல் வருகிற இடங்கள் மற்ற மூன்று பேர் அளவுக்கு எனக்கு ஒட்டவில்லை, ஒன்றிரண்டு பாட்டுகளில் கதை நின்று போகிறது. பரவாயில்லை, அதெல்லாம் சட்டென்று கடந்துவிடும். கடைசியில் மலை விளிம்பில் ஆடுகிற அந்த வீட்டுக்குள் மொத்தப் பேரும் வந்து சேரும்போது, யார் எதற்குப் பயப்படுவார், யார் எதற்கு ஆசைப்படுவார் என்று நமக்கு அத்துப்படி. வீடு ஒரு பக்கம் சாய்ந்தால் நம் கண் தானாக நமக்குப் பிடித்த ஆளைத் தேடும். முழுப் படத்தையும் பார்த்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து போடு. இளையராஜா பாடுகிற ‘கத கேளு’வைத் தள்ளிவிடாதே, நாலு குழந்தைகளும் பிரிந்த கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. பார்த்து முடித்ததும் உனக்கு யாரைப் பிடித்தது என்று மட்டும் எழுது. கமல் என்று எழுதினால் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா